புளியமரத்தடியில் தடுமாறும் நீலப்புள்ளி

பாலக்கோடு பக்கம் எங்கள் சொந்தக்காரர் ஒருவரின் கொல்லையில் போன பங்குனியில் ஒரு பஞ்சாயத்து. அண்ணன் தம்பி பாகம் பிரித்து இருபது வருஷம் ஆகிறது. அதுவரை யாரும் வரப்பைப் பற்றிப் பேசியதில்லை. தம்பி மகன் செல்போனில் சர்வே எண்ணோடு நிலம் காட்டும் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தான். கிணற்றுமேட்டில் நின்றபோது நீலப்புள்ளி அவனுடைய உட்பிரிவுக்குள் இருந்தது. "பாருங்க பெரியப்பா, கெணறே எங்க பக்கந்தான் வருது" என்றான். பெரியப்பா பேரனின் போனை வாங்கி அதே இடத்தில் நின்றார். அதில் புள்ளி அவருடைய நிலத்துக்குள் சொகமாக உட்கார்ந்திருந்தது. "உன் போன் உனக்குச் சொல்லுது, என் போன் எனக்குச் சொல்லுது. அப்புறம் என்னடா?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு அங்கே இருந்த யாரிடமும் பதில் இல்லை, நான் உட்பட. பிறகு தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டவைதான் இவை.

முதலில் அந்தத் தடுமாற்றத்தின் அளவைப் பார்த்துவிடலாம். திறந்த வானத்தின் கீழ் நல்ல செல்போன் ஒன்று காட்டும் இடம், உண்மையான இடத்திலிருந்து சுமார் 5 மீட்டருக்குள் இருக்கும். வாடகைக் கார் பிடிக்க இது தாராளம். ஆனால் 100 மீட்டர் நீளமுள்ள ஒரு வரப்பை 5 மீட்டர் நகர்த்திப் பாருங்கள். 500 சதுர மீட்டர், அதாவது 12 சென்டுக்கு மேல். நெடுஞ்சாலையை ஒட்டிய நிலத்தில் 12 சென்ட் என்றால் என்ன விலை என்று தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஜிபிஎஸ் இடத்தை நேரடியாக அளப்பதில்லை. அது அளப்பது நேரத்தை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும், "நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சேதி போனுக்கு வந்து சேர ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்குதான் ஆகிறது. வந்து சேர ஆன நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போவதால், கடிகாரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலும் 30 சென்டிமீட்டர். அதனால்தான் ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரம் வைக்கிறார்கள். போனில் இருப்பதோ சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம். இடத்துக்கு மூன்று செயற்கைக்கோள் போதும் என்றாலும், போனின் கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்று கண்டுபிடிக்க நான்காவது ஒன்று தேவைப்படுவது இதனால்தான்.

ஐன்ஸ்டைனும் இதில் வருகிறார். புவியீர்ப்பு குறைந்த உயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடுகிறது, வேகமாகப் பறப்பதால் கொஞ்சம் மெதுவாகவும் ஓடுகிறது. கூட்டிக் கழித்தால் நாளுக்கு 38 மைக்ரோ விநாடி வேகம். தூரக் கணக்கில் ஒரே நாளில் 11 கிலோமீட்டர். இதற்கென்றே ஏவுவதற்கு முன்பே கடிகாரங்களைச் சற்று மெதுவாக ஓடும்படி திருத்தி வைத்துவிடுகிறார்கள்.

2000 மே மாதத் தொடக்கம் வரை, ஜிபிஎஸ்ஸை நடத்தும் அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் அது 100 மீட்டர் வரை தவறியது. அந்தக் கலப்படத்தை நிறுத்திய மறுகணமே உலகத்தில் உள்ள அத்தனை ஜிபிஎஸ் கருவிகளும், ஒரு ரூபாய் செலவில்லாமல், பல மடங்கு துல்லியமாகிவிட்டன. இன்றைக்கு மிச்சமிருக்கும் பிழைகளை அப்படி ஒரு உத்தரவு போட்டு நிறுத்த முடியாது. அவற்றில் பெரியது நம் தலைக்கு மேலேயே இருக்கிறது.

தரைக்கு மேல் சுமார் 80 கிலோமீட்டரிலிருந்து தொடங்கிப் பல நூறு கிலோமீட்டர் உயரம் வரை அயனி மண்டலம். சூரியனின் கதிர்கள் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துப் போட்டு வைத்திருக்கும் பகுதி. அதைக் கடக்கும்போது சிக்னல் சற்றுத் தாமதமாகிறது. தாமதம் என்றால் தூரப் பிழை, சில மீட்டரிலிருந்து பல பத்து மீட்டர் வரை. உலகம் முழுக்க இந்தத் தொல்லை உண்டு. ஆனால் தென்னிந்தியாவுக்கு ஒரு கூடுதல் சங்கடம் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்முனைப் பக்கமாகப் போகிறது. 1963 நவம்பரில் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட்டை விடுவதற்குத் திருவனந்தபுரம் அருகே தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அந்தக் கோடு அங்கே போவதால்தான். தும்பாவிலிருந்து தர்மபுரி நேர்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர்.

காந்த நடுக்கோட்டின் மேலே பகலில் எலக்ட்ரான்கள் ஊற்றுப்போல் மேலெழும்பி, வடக்கிலும் தெற்கிலும் தள்ளிப்போய் விழுகின்றன. அதனால் குஜராத், மத்தியப் பிரதேசம் பக்கம் அடர்த்தி குவிகிறது. நாம் அந்தக் குவியலுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில், சரிவில் இருக்கிறோம். சரிவு என்பதால் கொஞ்ச தூரம் நகர்ந்தாலே தாமதத்தின் அளவு மாறுகிறது. சூரியன் சாய்ந்த பிறகு இன்னொரு கூத்து நடக்கிறது. அயனி மண்டலத்தின் அடியிலிருந்து அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பி மேலே போகின்றன, சோற்றுப்பானை கொதிக்கும்போது அடியிலிருந்து குமிழி வருவது போல. அவற்றின் வழியாக வரும் சிக்னல் நட்சத்திரம் போல மினுக்குகிறது; சில சமயம் கருவியின் பிடியிலிருந்தே நழுவிவிடுகிறது. மாசி பங்குனியிலும் புரட்டாசி ஐப்பசியிலும், பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் காலத்தில், இது அதிகம். சூரியனில் புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த உச்சம் கடைசியாக 2024-ஐ ஒட்டி வந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் அடித்த சூரியப் புயலில் அமெரிக்காவில் விதைப்பு நேரத்தில் ஜிபிஎஸ் டிராக்டர்கள் வயலிலேயே நின்றுபோயின.

பகல் நேரத் தாமதத்துக்கு அழகான மருந்து ஒன்று உண்டு. அலைவரிசைக்கு ஏற்பத் தாமதம் மாறும். குறைந்த அலைவரிசை அதிகம் தாமதமாகும். ஆகவே ஒரே செயற்கைக்கோளிலிருந்து இரண்டு அலைவரிசைகளைக் கேட்டு, இரண்டும் வந்த நேர வித்தியாசத்தைப் பார்த்தால் அயனி மண்டலம் எவ்வளவு கெடுத்தது என்று கணக்குப்போட்டுக் கழித்துவிடலாம். சர்வே கருவிகள் இதைப் பல காலமாகச் செய்கின்றன. 2018 முதல் செல்போன்களிலும் எல்1, எல்5 என்று இரண்டையும் கேட்கும் சிப்புகள் வரத் தொடங்கின. விலை குறைந்த போன்கள் பலவற்றில் இன்னும் எல்1 மட்டும்தான். தம்பி மகனின் போனும் பேரனின் போனும் வேறுவேறு கதை சொன்னதற்கு இப்படி ஒரு காரணமும் இருந்திருக்கலாம்.

ஆனால் அங்கே பெரிய குற்றவாளி, கிணற்றை ஒட்டி நின்ற புளியமரம் என்றுதான் நான் நினைக்கிறேன். செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் தரைக்கு வரும்போது மிகவும் மெலிந்து போயிருக்கும். ஈர இலைகள் அதை இன்னும் குறைக்கும். பாறை, சுவர், தகரக் கொட்டகை இவற்றில் பட்டுத் தெறித்து வரும் சிக்னல் நேராக வரும் சிக்னலோடு கலந்து, தூரத்தை நீட்டிக் காட்டும். கிருஷ்ணகிரியின் கருங்கல் குன்றுகளுக்கு அடியிலும் தொப்பூர் கணவாயிலும் வேறொரு சிக்கல் உண்டு. மலை வானத்தின் பாதியை மறைத்துவிட்டால், மிச்சமிருக்கும் பாதியில் உள்ள செயற்கைக்கோள்கள் எல்லாம் ஒரே பக்கமாகக் கூடி நிற்கும். ஒரு கம்பத்தை ஒரே பக்கத்திலிருந்து நாலு கயிறு கட்டி இழுத்தால் எப்படி நிற்கும்? நாலு திசையிலும் கட்டினால்தான் நிற்கும். இடக் கணக்கும் அப்படித்தான்.

இந்த விஷயத்தில், ஜிபிஎஸ் போலவே இந்தியா சொந்தமாக உருவாக்கிய நாவிக் உதவியாக இருந்திருக்க வேண்டும். ஜிபிஎஸ் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. நாவிக் ஏழு செயற்கைக்கோள்களோடு இந்தியாவுக்கு மேலேயே குடியிருக்கும்படி திட்டமிடப்பட்டது. ஆகவே நமக்கு அவற்றில் சில வானத்தில் நல்ல உயரத்தில் தெரியும், மலை மறைக்காது. இதற்கான நேவிகேஷன் மையமும் தூரத்தில் இல்லை. ஓசூர் தாண்டி, பெங்களூருக்கு அந்தப்புறம் பயலாலுவில் இருக்கிறது. முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலையிலும் ஏழாவது 2016 ஏப்ரலிலும் போயின. அந்த 2016-லேயே முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் பழுதாகிவிட்டன. வெளிநாட்டிலிருந்து வாங்கியவை. கடிகாரம் போன செயற்கைக்கோள், மணி தப்பிய கோயில் மணியக்காரர் மாதிரி. சத்தம் வரும், பயனில்லை. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பியது, ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாததால் உள்ளேயே சிக்கிக்கொண்டது. 2018 ஏப்ரலில்தான் மாற்று போய்ச் சேர்ந்தது. 2023 மே மாதம் உள்நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரத்தோடு என்விஎஸ்-01 என்ற புது நாவிக் செயற்கைக்கோள் போனது. செல்போன்களுக்குத் தோதான எல்1 அலைவரிசையும் அதில்தான் முதலில் சேர்ந்தது. 2025 ஜனவரியில் என்விஎஸ்-02 ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலாகப் போய், வால்வு திறக்காததால் போக வேண்டிய பாதைக்குப் போக முடியாமல் நின்றது.

இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஐரோப்பாவின் ஜிபிஎஸ்ஸான கலிலியோவே 2019 ஜூலையில் ஏறக்குறைய ஒரு வாரம் சேவை இல்லாமல் கிடந்தது. எந்த நாட்டு அமைப்பையும் ஒற்றையாக நம்ப முடியாது. நல்ல கருவிகள் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், கலிலியோ, சீனாவின் பெய்டோ, நாவிக் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டு ஒன்றை இன்னொன்றால் சரிபார்க்கும்படி செய்வது அதனால்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். பஞ்சாயத்தில் பெரியப்பாவுக்குத் தெரியாமலேயே அவர் தொட்ட இடம் அதுதான். கருவி எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பது ஒரு கேள்வி. தவறாகக் காட்டும்போது, "என்னை இப்போது நம்பாதே" என்று அது சொல்கிறதா என்பது இன்னொரு கேள்வி. விமானத்துக்கு இரண்டாவதுதான் உயிர். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன் என்ற திருத்தச் சேவை இதற்காகத்தான் வந்தது. நாடு முழுக்க 15 இடங்களில், துல்லியமாகத் தெரிந்த புள்ளிகளில் நிலையங்கள் ஜிபிஎஸ்ஸைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. தங்கள் இடம் தங்களுக்குத் தெரியும் என்பதால், பிழை எவ்வளவு என்பதும் உடனே தெரிந்துவிடும். பெங்களூரில் அதைத் தொகுத்து, திருத்தத்தை ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியாக விமானங்களுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். திருத்தத்தோடு, "பிழை இந்த எல்லைக்குள்தான் இருக்கும்" என்ற உத்தரவாதமும், ஏதாவது செயற்கைக்கோள் கெட்டால் சில விநாடிகளுக்குள் எச்சரிக்கையும் போகும். நம்முடைய கொந்தளிக்கும் அயனி மண்டலத்துக்கென்றே தனிக் கணக்குமுறை உருவாக்க வேண்டியிருந்தது. 2013 டிசம்பரிலும் 2015 ஏப்ரலிலும் இரண்டு கட்டமாகச் சான்று கிடைத்தது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் ஒரு ஏடிஆர் விமானம் ககன் வழிகாட்டலில் இறங்கிக் காட்டியது.

செல்போனிலும் இதன் ஏழைச் சொந்தம் ஒன்று உண்டு. நீலப்புள்ளியைச் சுற்றி வெளிர்நீலத்தில் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள்தான் கட்டாயம் இருப்போம் என்று நாம் நினைக்கிறோம். ஆண்ட்ராய்டில் அதன் பொருள், 68 சதவீத வாய்ப்பு உள்ளே இருப்பதற்கு என்பதே. மூன்றில் ஒரு தடவை நாம் வட்டத்துக்கு வெளியே நிற்கிறோம். அதுவும் போன் தானாகப் போடும் கணிப்பு. தெறித்து வரும் சிக்னல் அதை எளிதில் ஏமாற்றிவிடும். இதை வைத்துக்கொண்டு கிணற்றுக்குச் சொந்தம் கொண்டாடினால் என்ன செய்வது?

சரி, சர்வேயர் கொண்டுவரும் கருவி எப்படிச் சென்டிமீட்டர் காட்டுகிறது? நம் பக்கம் அதை டிஜிபிஎஸ் என்கிறார்கள். இடம் துல்லியமாகத் தெரிந்த புள்ளியில், மூன்றுகாலியின் மேல் அசையாமல் நிற்கும் ஒரு பேஸ் கருவி; கம்பத்தில் மாட்டிக் கையோடு கொண்டுபோகும் ஒரு ரோவர் கருவி. போன் படிப்பது சிக்னலில் ஏற்றியிருக்கும் குறியீட்டை. அதன் ஒரு துண்டின் நீளமே 293 மீட்டர். நூறில் ஒரு பங்கு வரை படித்தாலும் 3 மீட்டர்தான். ரோவர் அந்தக் குறியீட்டைச் சுமந்து வரும் அலையையே படிக்கிறது. எல்1-இல் ஓர் அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். அதில் நூறில் ஒரு பங்கு என்றால் 2 மில்லிமீட்டர். சிக்கல் என்னவென்றால் எல்லா அலையும் ஒரே மாதிரி இருக்கும். செயற்கைக்கோளுக்கும் கருவிக்கும் நடுவே மொத்தம் எத்தனை அலை என்பது தெரியாது. பேஸ் அனுப்பும் அளவோடு ஒப்பிட்டு, பல செயற்கைக்கோள்களைச் சேர்த்துக் கணக்குப்போட்டு அந்த எண்ணிக்கையைப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் திரையில் ஃபிக்ஸ் என்று வரும். அதுவரை ஃப்ளோட். ஃப்ளோட்டில் அளந்து கல் நட்டால் வம்பு.

ஃபிக்ஸ் வந்தாலும் முழுசாக நம்பிவிட முடியாது என்பதுதான் இதில் உள்ள பொல்லாத பகுதி. மரத்தடியில் எண்ணிக்கையைத் தவறாகப் பிடித்துக்கொண்டு, ஒரு சென்டிமீட்டர் துல்லியம் என்று காட்டியபடியே சில அடி தள்ளி நிற்கும். அதனால் அனுபவசாலிகள் ஒரு புள்ளியை எடுத்தபின், கருவியைப் புதிதாகத் தொடங்க வைத்து, கொஞ்ச நேரம் கழித்து அதே புள்ளியை மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் எழுதுவார்கள்.

இப்போது இந்தியச் சர்வே துறை நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தர நிலையங்களை வைத்திருக்கிறது. கார்ஸ் என்று பெயர். பேஸ் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ரோவரில் சிம் போட்டால் திருத்தம் இணையத்தில் வந்துவிடும். அஞ்செட்டியிலோ வத்தல்மலையிலோ டவர் கிடைக்காத மூலையில் அந்தச் சிம்மால் பிரயோஜனமில்லை. அங்கே பழையபடி பேஸும் ரேடியோவும்தான்.

இவ்வளவும் செய்து ரோவர் தன் இடத்தை விரல் நுனியளவுக்குச் சொல்லிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கிணறு யாருடையது என்பது தெரியாது. புள்ளியைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினோம். போன் திரையில் புள்ளிக்கு அடியில் ஒரு கோடும் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?

இந்த மண்ணில் நிலத்தை அளந்து வரிபோட்ட கதை நீளமானது. 1792-இல் திப்பு சுல்தானோடு செய்த உடன்படிக்கையில், பாராமகால் என்று அன்று பெயர்பெற்ற இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் வயல் வயலாக அளந்து, உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையின் அடித்தளத்தைப் போட்டார்கள். பின்னாளில் நில அளவைக்கு வழக்கமானது கண்டர் சங்கிலி: 66 அடி, 100 லிங்க். ஒரு லிங்க் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். இன்றைக்கும் சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டும் நம் எஃப்எம்பி படம் அந்த மரபில் வந்ததுதான். கல்லுக்குக் கல் எவ்வளவு தூரம், ஜி-லைன் என்ற அளவைக் கோட்டிலிருந்து வரப்பு எவ்வளவு ஒதுங்கி இருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். பூமியில் அந்தக் கல் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று சொல்லாது. சொல்ல வேண்டிய தேவையும் அன்று இல்லை. கல் கண்ணெதிரே இருந்தது.

அந்தப் படத்தை ஸ்கேன் செய்து, செயற்கைக்கோள் புகைப்படத்தின் மேல் ஒட்டித்தான் போன் கோடு காட்டுகிறது. காகிதம் சுருங்கியிருக்கும். ஒட்டும்போது பிடித்த மூலைகள் சற்று விலகியிருக்கும். அடியில் உள்ள புகைப்படமே சில மீட்டர் நகர்ந்திருக்கலாம். ஆக புள்ளிக்கு ஒரு பிழை, கோட்டுக்குத் தனியாக இன்னொரு பிழை. வானத்தில் எத்தனை புதுச் செயற்கைக்கோள் விட்டாலும் கோட்டின் பிழை ஒரு அடிகூடக் குறையாது. அதைக் குறைக்க ஊர் ஊராகப் போய்க் கற்களைத் தேடி, ரோவர் வைத்து மறுபடி அளக்க வேண்டும். மெதுவான வேலை, புழுதி வேலை, யாரும் படம் பிடித்துப் போடாத வேலை.

உயரத்திலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது, வாய்க்கால் வெட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. ஜிபிஎஸ் தரும் உயரம் கணித முறையில் வரைந்த ஒரு முட்டை வடிவத்திலிருந்து. கடல்மட்டத்திலிருந்து அல்ல. இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்பு குறைந்து, கடல்மட்டம் அந்த வடிவத்தைவிட 100 மீட்டருக்கும் மேல் பள்ளமாகக் கிடக்கிறது. அந்தப் பள்ளத்தின் விளிம்பு நம்மையும் உள்ளடக்கியது. திருத்தாத கருவி ஒன்று கிருஷ்ணகிரியில் கடல்மட்ட உயரத்தைவிட எண்பது, தொண்ணூறு மீட்டர் குறைத்துக் காட்டும்.

சாலையிலும் இதே பிரச்சினை வரப்போகிறது. செயற்கைக்கோள் வழியாகச் சுங்கம் வசூலிக்க 2024 செப்டம்பரில் விதியைத் திருத்தினார்கள். ஒவ்வொரு திசையிலும் நாளுக்கு 20 கிலோமீட்டர் வரை இலவசம், அதற்குமேல் ஓடிய தூரத்துக்குக் கட்டணம். நாடு முழுக்க அமலாகும் என்று பேச்சு கிளம்பி, 2025 ஏப்ரலில் அப்படி முடிவு எதுவும் எடுக்கவில்லை என்று அமைச்சகம் சொன்னது. கிருஷ்ணகிரியில் நாற்கரச் சாலையும் சர்வீஸ் ரோடும் ஒட்டிக்கொண்டே ஓடுகின்றன. மாங்காய் மூட்டையோடு சர்வீஸ் ரோட்டில் போகும் மினி வேனை 8 மீட்டர் தள்ளிப் பார்த்தால் அது நெடுஞ்சாலையில் ஓடுகிறது. அந்த 8 மீட்டருக்குப் பணம் பிடித்துவிட்டால் யாரிடம் போய் நியாயம் கேட்பது என்ற கேள்விக்கு விடை வைத்துக்கொண்டுதான் இதைத் தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பஞ்சாயத்துக்கு வருவோம். எல்லையை அளந்து காட்டச் சொல்லும் எஃப்-லைன் மனு போட்டு, சித்திரையில் சர்வேயர் வந்தார். புளியமரத்தடியில் ரோவரை வைத்தார். பத்து நிமிஷம் ஃப்ளோட்டிலேயே ஆடியது. "இங்க புடிக்காதுங்க" என்று கம்பத்தைத் தூக்கிக்கொண்டு, செடி பிடுங்கிக் காலியாகக் கிடந்த தக்காளிக் கொல்லைக்கு நடந்தார். வெட்டவெளியில் இரண்டு புள்ளி எடுத்தார். டீ குடித்துவிட்டு வந்து அதே இரண்டையும் மறுபடி எடுத்தார். அங்கிருந்து டேப் பிடித்து எஃப்எம்பி கணக்குப்படி அளந்து, ஓர் இடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார். ஒன்றரை அடி ஆழத்தில் பழைய எல்லைக்கல் தட்டுப்பட்டது, கிணற்றுக்கு மேற்கே இரண்டு மீட்டரில். கிணறு பெரியப்பாவுடையதுதான்.

தம்பி மகன் மண்ணைத் துடைத்துவிட்டுக் கல்லின் மேல் போனை வைத்துப் பார்த்தான். நீலப்புள்ளி கிணற்றுக்குக் கிழக்கே காட்டியது.